நகர மறுத்த நீலக் காந்தம்

அன்புள்ள கண்ணா,

இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்கு என்ன என்பதைக் கீழே எழுதுகிறேன். நீயும் அங்கே மூச்சு வாங்காமல் நான்கு மாடி ஏறி இறங்கிக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் பழுது பார்க்கிறவன் லிஃப்ட் இல்லாத வீட்டின் நான்காவது மாடியில் குடியிருக்கிறான் என்பதை நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை, பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். "அம்மா, இங்க தொற்று மறுபடியும் கூடிட்டு வருது, இப்ப வர வேணாம், லீவைத் தள்ளிப் போடு" என்று நீ அனுப்பிய செய்திக்கு "பார்க்கலாம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போட்டேன், அதற்கு நீ கோபித்துக்கொண்டதாக உன் அப்பா சொன்னார். கோபம் வேண்டாம். அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இரண்டு வருஷக் கதை இருக்கிறது, அதில் பாதி உனக்குத் தெரியாது. போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து "விடும்மா" என்பாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அப்பாவின் கண்ணாடிக் கடையில் இப்போது நல்ல கூட்டம். மாஸ்க் போட்டால் கண்ணாடியில் ஆவி படிகிறது என்று வருகிறவர்களையெல்லாம் உட்கார வைத்து மூக்குக்கு மேலே இருக்கும் கம்பியை எப்படி வளைப்பது என்று ஆளுக்கொரு பாடம் நடத்தி அனுப்புகிறார், யாரும் எதுவும் வாங்குவதில்லை, ஆனால் எல்லோரும் அவரை நல்ல மனுஷன் என்கிறார்கள். அந்த நல்ல மனசால் எனக்கு என்ன வந்து சேர்ந்தது என்பதையும் சொல்லத்தான் போகிறேன். உன் அறையின் ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது, சுரண்டிப் பூசியாகிவிட்டது, பூச்சு காய்கிற வரை உன் புத்தகங்கள் கூடத்தில் இருக்கின்றன. அவற்றில் பாதி நான் வாங்கிக் கொடுத்து நீ பிரிக்கவே பிரிக்காதவை என்று இப்போதுதான் தெரிந்தது, அதைத் தனியாகப் பேசலாம். எனக்கு முழங்கால் வலி கொஞ்சம் உண்டு. மேல்வீட்டுக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே ஓடுகிற யந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள், காலையில் அவர்கள் எங்கும் போய்ச் சேராமல் ஓடுகிற சத்தத்தில்தான் நாங்கள் எழுந்திருக்கிறோம்.

இனி ஆய்வகம். அங்கே எப்படி வேலை நடக்கிறது என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன், ஆனால் நீ அப்போது குழாய்களைத் திருகிப் பார்ப்பதில்தான் கவனமாக இருந்தாய், அதனால் மறுபடியும் சொல்கிறேன். ஊருக்குப் போகிற குடிநீரைத் தினமும் காலையில் நாங்கள் சோதிக்கிறோம். சரியாக இருக்கிறது என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் தொட்டியைத் திறப்பார்கள். கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர்கள் எங்கள் ஆய்வகத்தில் இரண்டே பேர், ஒருவர் ஆய்வகத் தலைவர், இன்னொருவர் நான். ஆகவே இரண்டு பேரும் ஒரே சமயத்தில் விடுப்பில் போக முடியாது, இது எழுதாத சட்டமில்லை, எழுதிய சட்டமே. யார் எப்போது போகிறார்கள் என்பதற்கு எடை பார்க்கும் அறைக்கு வெளியே ஒரு இரும்புப் பலகை மாட்டியிருக்கிறது, மேலிருந்து கீழாக மாதங்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் காந்தம். என்னுடையது நீலம். தலைவருடையது மஞ்சள். தலைவருக்கு இயற்பெயர் ஒன்று உண்டுதான், ஆனால் அவர் எதற்கெடுத்தாலும் அடுத்தவர்களிடம் "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்பதால் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவர் "அட்ஜஸ்ட்" தான். தராசு என்று நாங்கள் கூப்பிடுகிற எடை அறைத் தோழி வைத்த பெயர் அது. அவள் மருந்துப் பொடியை நிறுப்பது போலத்தான் மனிதர்களையும் நிறுப்பாள், ஒரு துகள் கூடாது, ஒரு துகள் குறையாது.

தொற்று முதன்முதலாகப் பரவிய அந்த வருஷம் நான் உன்னைப் பார்க்க வருவதற்காக என் நீலக் காந்தத்தை முன்கூட்டியே வைத்திருந்தேன், டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது, அது உனக்குத் தெரியும். கிளம்ப வேண்டிய வாரத்தில்தான் நீ காய்ச்சலில் விழுந்தாய். போனில் ஒரு வாக்கியத்தை முடிக்க நீ மூன்று தடவை மூச்சு இழுத்தாய். நான் அட்ஜஸ்ட்டின் அறைக்குப் போய் நின்று, சார், என் பையன் தனியா இருக்கான், மூச்சு வாங்குது, முடிஞ்சா நாளைக்கே கிளம்பறேன் என்றேன். அவர் புதுக் கறுப்புக் கண்ணாடி ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார், உன் அப்பா கடையில் வாங்கியதுதான். "ஊரே இந்த நிலைமையில இருக்கு, இப்பப் போய் லீவாம்மா? இளவட்டம், ஒண்ணும் ஆகாது, சூடா ஏதாவது குடிக்கச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுந்து வந்து, பலகையில் என் காந்தத்தை ஆள்காட்டி விரலால் ஒரு கட்டம் கீழே தள்ளினார். "ஒரு மாசம்தானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." மறுநாள் காலையில் நான் வந்தபோது என் நீலம் இருந்த கட்டத்தில் அவருடைய மஞ்சள் உட்கார்ந்திருந்தது. மனைவியை அழைத்துக்கொண்டு கடலோர விடுதிக்குப் போய்விட்டார். கூட்டம் கூடக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிற நேரத்தில் கடற்கரை காலியாக இருக்கும், அதுதான் போக நல்ல நேரம் என்று தராசிடம் விளக்கமும் சொல்லிவிட்டுப் போனாராம்.

அதன்பிறகு ரயில்கள் நின்றன. அவர் விடுதியிலேயே மாட்டிக்கொண்டார், மாட்டிக்கொண்டவர் ஆய்வகக் குழுவுக்கு அலைகளைப் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார். நான் தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கார் பிடித்தாவது கிளம்பியிருக்கலாமே என்று நீ என்னைக் கேட்டதில்லை, ஆனால் உன் அத்தை கேட்டாள், அவளுக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். கையெழுத்து இல்லையென்றால் தொட்டி திறக்காது, ஊர் முழுக்கக் கை கழுவு, கை கழுவு என்று கத்திக்கொண்டிருந்த நேரம் அது. உனக்குக் கீழ்வீட்டுத் தையல்காரர் இருந்தார். அவர் தன் நாடாக் கயிறுகளை ஒன்றோடொன்று முடிந்து, அதன் நுனியில் சாப்பாட்டுப் பையைக் கட்டி, நீ மேலிருந்து இழுக்க இழுக்கக் கீழிருந்து "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார் என்பதை நீ பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் சிரிக்கவில்லை. என் பிள்ளைக்குச் சாப்பாடு கயிற்றில் ஏறிக்கொண்டிருந்த போது ஒரு மனிதன் என் விடுப்பில் உட்கார்ந்து அலைகளை எண்ணிக்கொண்டிருந்தான். ஞாபகசக்தி நல்லது என்று படிக்கிற காலத்தில் எனக்குப் பரிசெல்லாம் கொடுத்தார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

அவர் வெயிலில் கறுத்து, ஒரு சின்ன இருமலோடு திரும்பி வந்தார். அலர்ஜி என்றார். அந்த வாரமே தராசு படுத்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் இன்றைக்கும் அவளுக்கு வாசனை தெரியாது, அமிலக் குப்பி திறந்திருந்தால்கூட யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும், ஆய்வகத்தில் இருப்பவளுக்கு அது எவ்வளவு ஆபத்து என்று நீயே யோசித்துப் பார். ஆய்வகத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அதை அடக்குவதற்கு அட்ஜஸ்ட் ஒரு கூட்டம் போட்டார், எல்லோருக்கும் டீ வரவழைத்தார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டு பேசினார். "ஒரு தடவை லீவைத் தள்ளி வெச்சவங்க அடுத்த தடவை யாருக்காகவும் தள்ளி வைக்க வேணாம். அவங்களுக்குத்தான் முதல் உரிமை. நானா இருந்தாலும் சரி. இனிமே இதுதான் நம்ம லேப்ல சட்டம்" என்றார். கை தட்டினார்கள். கை தட்டிய உற்சாகத்தில் அதைத் தலைமை அலுவலகத்துக்கும் தானே அனுப்பி, அங்கிருந்து நல்ல யோசனை என்று பாராட்டும் வாங்கிக்கொண்டார். பிறகு அவரே அதை மறந்துவிட்டார். அடுத்த தடவை ஆய்வாளர்கள் வருகிறார்கள் என்று என் காந்தத்தைத் தள்ளினார், அதற்கடுத்த தடவை அவர் மைத்துனர் வீடு மாறுகிறார் என்று தள்ளினார், விரல் வைத்து ஒரு கட்டம், ஒரு மாசம்தானேம்மா, மறுபடியும் ஒரு கட்டம். பலகையின் கடைசி மாதத்தையும் தாண்டி என் நீலக் காந்தம் கீழ்ச் சட்டத்தின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஒரு தடவைகூட எதுவும் சொல்லவில்லை. நீ அதைப் பயம் என்று நினைத்திருந்தால் உன் அம்மாவை உனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். நான் ஒரு நல்ல மாதத்துக்காகக் காத்திருந்தேன்.

அந்த நல்ல மாதம் இதுதான், வருகிற மாதம். அதன் கடைசியில் அட்ஜஸ்ட் பணி ஓய்வு பெறுகிறார். அதற்குள் எடுக்காத விடுப்பு அதோடு போயிற்று. அவர் மனைவி பள்ளியில் பாட்டு ஆசிரியை, அந்த அம்மாளுக்கும் அந்த மாதம்தான் பள்ளி விடுமுறை. மலை மேலே ஏரிக்கரையில் ஒரு விடுதியை மாதம் முழுவதற்கும் பிடித்து வைத்துவிட்டு, போன குளிர்காலத்திலிருந்தே படகு, மீன், பனி என்று ஆய்வகத்தில் பேசிக்கொண்டிருந்தார். புது வருஷத்துப் பலகை மாட்டிய காலையில் நான் எல்லோருக்கும் முன்னால் போய் அதே மாதத்தில் என் காந்தத்தை வைத்தேன். தற்செயலாக அமைந்தது என்று உன் அப்பா நம்பினார், நீ அவ்வளவு அப்பாவி இல்லை. வெறுமனே வைக்கவில்லை கண்ணா, ஒட்டினேன். பீங்கான் தொட்டியில் விரிசல் விட்டால் ஒட்டுவதற்கு இரண்டு குழாயில் வருகிற பசை ஒன்று இருக்கிறது, இரண்டையும் சம அளவு பிதுக்கிக் கலக்க வேண்டும், ஒன்று கூடினாலும் பிடிக்காது. நான் வேதியியல் படித்தவள், நன்றாகவே கலந்தேன். தராசு பார்த்துக்கொண்டே நின்றாள், "இன்னும் கொஞ்சம் போடுங்க, ஓரத்துல போதாது" என்றாள்.

அட்ஜஸ்ட் வந்தார். வழக்கம் போல டீயை இடது கையில் பிடித்துக்கொண்டு பலகை முன்னால் நின்று, என் நீலத்தைப் பார்த்து, "அடடா, இந்த மாசம் நம்மளுதாச்சே" என்று சொல்லிக்கொண்டே ஆள்காட்டி விரலால் தள்ளினார். நகரவில்லை. டீயைக் கீழே வைத்துவிட்டுக் கட்டைவிரலால் தள்ளினார். பிறகு நகத்தைக் கொடுத்து நெம்பினார், நகம் ஒடிந்தது. நுண்ணோக்கியில் குனிந்திருந்தவர்கள் யாரும் தலையைத் தூக்கவில்லை, ஆனால் யாரும் எதையும் பார்த்து எழுதவுமில்லை. "என்னம்மா இது, நகர மாட்டேங்குது" என்றார். "ஆமா சார், நகராது" என்றேன். முதலில் அவ்வளவுதான் நான் பேசியது. அவர் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்தார். பிறகு நான் அவருடைய சட்டத்தை அவருக்கே ஞாபகப்படுத்தியதும் சிரிப்பு நின்றது. தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அங்கிருந்த அம்மாள், "சார், இது நீங்க கொண்டு வந்த ரூல்தானே, ரொம்ப நல்ல ரூல், நாங்க எல்லா லேப்லயும் இதைத்தான் இப்ப ஃபாலோ பண்றோம்" என்றாளாம். என் வாழ்க்கையில் பட்டம் வாங்கிய நாளைவிட எனக்கு அது இனித்தது. இதைப் படித்து முகம் சுளிக்காதே. உனக்கு நல்லவளாக ஒரு அம்மா வேண்டுமென்றால் வேறு நாளில் நல்லவளாக இருக்கிறேன்.

இந்த நிலையில்தான் உன் செய்தி வந்தது, வர வேண்டாம் என்று. நான் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அட்ஜஸ்ட் தன் கண்ணாடியின் திருகு தளர்ந்துவிட்டது என்று உன் அப்பா கடைக்குப் போயிருக்கிறார், போன இடத்தில் இவர் திருகை முறுக்கிக்கொண்டே நம் வீட்டுக் கதையையும் அவிழ்த்துவிட்டிருக்கிறார். பையன் வர வேணாம்னு சொல்லிட்டான் சார், பாவம் இவளுக்குத்தான் ஏமாற்றம் என்று. ஏன் சொன்னீங்க என்று கேட்டால், "அந்த ஆளு மூஞ்சியைப் பாத்தா எனக்கே கஷ்டமா இருந்துச்சு, தப்பா நினைச்சுக்காதே" என்கிறார். கடைக்கு வருகிறவர் யாராயிருந்தாலும் உன் அப்பாவுக்கு உருகிவிடும். மறுநாள் அட்ஜஸ்ட் மலர்ந்த முகத்தோடு என் மேஜைக்கு வந்து, "உங்க ட்ரிப் கேன்சலாமே, அப்பப் பிரச்சினையே இல்ல, நான் போய்ட்டு வந்துடறேன், நீங்க அடுத்த மாசம் ஹாயா எடுத்துக்கோங்க" என்றார். ட்ரிப்தான் சார் கேன்சல், லீவு கேன்சல் இல்ல, நான் வீட்டுல உக்காந்திருக்கப் போறேன் என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. "வீட்டுல உக்கார்றதுக்கு எதுக்கு இந்த மாசம்?" என்றார். அப்போது நான் சொன்னேன், இரண்டு வருஷமாக உதட்டுக்குள் வைத்திருந்ததைச் சொன்னேன். சார், அன்னைக்கு என் பையனுக்கு மூச்சு வாங்குதுன்னு உங்க ரூம்ல வந்து நின்னேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, நிஜமாகவே யோசித்து, "எந்த அன்னைக்கும்மா?" என்று கேட்டார்.

நடிக்கவில்லை. எனக்கு மனிதர்கள் மேல் எப்போதும் சந்தேகம் உண்டு, அதனால் நன்றாக உற்றுப் பார்த்தேன். அவருக்கு நிஜமாகவே ஞாபகமில்லை. "உங்க பையனுக்கா? அப்படியா? இப்ப நல்லாத்தானே இருக்கான்?" என்றார், சூடாக ஏதாவது குடித்தானா என்று கேட்காததுதான் குறை. நான் இந்த மனிதனை எதிரியாக வைத்து இரண்டு வருஷம் தினமும் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன், அவரோ என்னை ஒரு விரலால் நகர்த்தியதைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. அதுவரை எனக்கு உள்ளூர ஒரு சிறு தயக்கம் இருந்தது, கடைசி நேரத்தில் விட்டுக்கொடுத்துவிடுவேனோ என்று. அந்த நிமிஷத்தோடு அது போய்விட்டது. ஞாபகமில்லாதவருக்கு ஞாபகம் வரட்டும், இந்த மாதம் அதற்குத்தான் என்று முடிவு செய்தேன்.

அதற்கப்புறம் அவர் மனைவி போன் செய்தார். நல்ல குரல், பாட்டு சொல்லிக் கொடுக்கிற குரல். "மேடம், உங்களுக்கும் இவருக்கும் ஏதாவது மனஸ்தாபமா? ஏதாவது இருந்தா அவருக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன், நாங்க ரெண்டு பேரும் வெளியே போயே ரொம்ப நாளாச்சு" என்றார். எனக்கு அவரிடம் ஒரு பகையும் இல்லை, அதனால் எதையும் கூட்டாமல் குறைக்காமல் நடந்ததை மட்டும் சொன்னேன், உன் மூச்சை, காந்தத்தை, அலைப் படங்களை, கயிற்றில் ஏறிய சாப்பாட்டை. பிறகு மெதுவாக, "எங்கிட்ட, லேப்ல எல்லாருமா சேர்ந்து, போய்ட்டு வாங்க சார்னு வழியனுப்பி வெச்சாங்கன்னு சொன்னாரு" என்றார். நான் அப்பறம் பேசறேன் என்று வைத்துவிட்டார். இப்போது கிடைத்திருக்கும் செய்தி, விடுதியை விட வேண்டாம் என்று அந்த அம்மாள் தன் தங்கையை அழைத்துக்கொண்டு மலைக்குப் போகிறாராம், அட்ஜஸ்ட் இங்கேயே இருந்து கையெழுத்துப் போடப் போகிறார். "வீட்ல எங்கிட்ட யாரும் பேசறதில்ல, சாப்பாடுகூட நானேதான் சூடு பண்ணிக்கிறேன்" என்று அவர் எடை அறை வாசலில் நின்று புலம்ப, தராசு நிறுத்துக்கொண்டிருந்த பொடியிலிருந்து கண்ணை எடுக்காமல், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்றாள். நான் பாத்திரங்கள் கழுவுகிற பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் சிரித்தேன். உன் அப்பா இதைக் கேட்டுவிட்டு, "ஒரு மனுஷன் போகக் கூடாதுங்கறதுக்காக நீ ஒரு மாசம் வீட்டுல சும்மா உக்காருவியா, உனக்கே இது நல்லாயிருக்கா" என்றார். நன்றாக இருக்கிறது என்றேன். அவர் போய்க் கண்ணாடி துடைத்தார்.

இப்போது உன் விஷயம். வருவதா, தள்ளிப் போடுவதா என்பதை நான் கோபத்தில் முடிவு செய்யவில்லை. நாளிதழில் வருகிற எண்ணிக்கையை நான் நம்புகிறவள் அல்ல, சோதித்தால்தானே எண்ணிக்கை. உங்கள் ஊர்க் கழிவுநீரில் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று ஆய்வு முடிவுகளைத் தேடிப் படித்தேன், மேலே ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, நீ சொன்னது சரி. நான் வந்தால் ரயிலில் ஊர்ப்பட்ட பேரோடு மூச்சு விட்டுக்கொண்டு வந்து, அந்தத் தையல்காரரின் கதவைத் தாண்டித்தான் உன் படியில் ஏற வேண்டும். அவருக்கு வயதாகிவிட்டது, நெஞ்சில் சளிக்கட்டு உள்ளவர் என்று நீயே சொல்லியிருக்கிறாய். என் பிள்ளைக்குக் கயிற்றில் சோறு ஏற்றிய மனிதரின் வாசலில் நான் நோயைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தால், கடலோரம் போய்த் தராசுக்கு இருமலைக் கொண்டுவந்தவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? ஆகவே பயணத்தைத் தள்ளி வைக்கிறேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது, அதை இங்கே விரித்து எழுதினால் நானும் அழுது நீயும் சங்கடப்படுவாய், அதனால் எழுதவில்லை. விடுப்பை மட்டும் தள்ளி வைக்க மாட்டேன். அந்த மாதம் முழுக்க வீட்டில் இருப்பேன். நீ பிரிக்காத புத்தகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பேன். காலையில் குழாயில் தண்ணீர் வந்தால் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம், ரொம்ப நேரம் குளிப்பேன்.

ஆனால் இந்தக் கடிதம் எழுதியதன் காரணம் அதுவும் இல்லை. உன் அப்பா செய்த இன்னொரு காரியம் இருக்கிறது, அதை அவர் நேற்றுதான் ஒப்புக்கொண்டார். திருகு முறுக்கிய அன்றைக்கு அட்ஜஸ்ட் கேட்டார் என்று உன் போன் எண்ணையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவர் உன்னை அழைப்பார். பேச்சில் தேன் ஒழுகும், தம்பி என்பார், அன்னைக்கு உனக்கு அவ்வளவு முடியலைன்னு எனக்குத் தெரியாதுப்பா என்பார், அம்மாகிட்ட நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும் என்பார், ஏனென்றால் இந்த வாரம் நான் விட்டுக்கொடுத்தால்கூட அவர் மனைவியோடு மலைக்குப் போய்விடலாம். உன்னை எனக்குத் தெரியும். நீ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு உன்னைத் திட்டுகிறவர்களிடம்கூட ஸாரி கேட்டுக்கொண்டே கதவைத் திறந்துவிடுகிற பிள்ளை. "பரவாயில்ல அங்கிள், நான் அம்மாகிட்ட சொல்றேன்" என்று உன் வாயில் வந்துவிடும். வரக் கூடாது. காய்ச்சல் உன்னுடையது, அதற்காக அவரை மன்னிப்பதானால் மன்னித்துக்கொள், அது உன் இஷ்டம், நான் கேட்க மாட்டேன். ஆனால் போனில் நீ மூச்சு இழுத்ததை இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது நான். விடிந்ததும் போய்க் கையெழுத்துப் போட்டது நான். அந்தப் பங்கு என்னுடையது, அதை மன்னிக்க உனக்கு அதிகாரம் இல்லை, உன் அப்பாவுக்கும் இல்லை. என்னிடமிருந்து அதை நல்ல பிள்ளையாக வாங்கி அவர் கையில் கொடுத்துவிடாதே. நான் உன்னிடம் இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. அவர் அழைத்தால் மரியாதையாகவே பேசு, என்ன கேட்டாலும் "அம்மாகிட்ட கேளுங்க" என்று மட்டும் சொல். என்னிடம் வரட்டும். நான் வீட்டில்தான் இருப்பேன். கதவைத் திறப்பேனா என்பதை அப்போது பார்த்துக்கொள்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் விடுப்புக் கேட்டுக் கை கட்டி நிற்க வேண்டியில்லாத நிலைமைக்கு வர வேண்டும், உன் நெஞ்சில் மூச்சு எப்போதும் தாராளமாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். கூட்டமான இடத்தில் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்காதே, விரலில் மாட்டிப் பார்க்கிற கருவிக்குப் புது பேட்டரி போட்டு வை, தையல்காரருக்கு என் வணக்கத்தைச் சொல், அவர் கதவுக்கு வெளியே நின்றே சொல். கடிதம் கிடைத்ததும் "சரிம்மா" என்று ஒரு வரி அனுப்பு, அதற்கு மேல் எதுவும் எழுதி என் மனதை மாற்றப் பார்க்காதே.

இப்படிக்கு,
வரும் மாதம் முழுவதும் விடுப்பில் இருக்கப்போகிற
உன் அம்மா